பாட்டியின் பெட்டியில் இருந்த வெள்ளிக்காசு யாருடையது?

காலமான உங்கள் பாட்டியின் மரப்பெட்டியில் ஒரு சுருக்குப்பை, அதற்குள் ஒரே ஒரு வெள்ளிக்காசு. எடை 3.61 கிராம், குறுக்களவு 18 மில்லிமீட்டர். ஒரு பக்கம் வலப்புறம் பார்க்கும் ஆண் தலை, கன்னத்தில் குறுக்காக ஒரு வெட்டு. மறுபக்கம் நாற்காலியில் உட்கார்ந்த பெண், கையில் நீண்ட கோல். சுற்றிலும் ஆங்கிலம் போன்ற எழுத்துகள். இது ரோமானியக் காசா, எந்த அரசன், இதையெல்லாம் நானே எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதாமல் விட்ட நான்காவது கேள்வி ஒன்று அதற்குள் ஒளிந்திருக்கிறது: இது அசலா? முதல் மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். நான்காவதற்குப் படத்தை மட்டும் பார்த்து யாராலும் பதில் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று யாராவது வந்தால், அவர் காசை வாங்க வந்தவராகவும் இருக்கலாம்.

என்னைப் பற்றி ஒரு வரி. தொல்லியல் படிப்பில் நாணயவியலை ஒரு தாளாக எழுதியவன். அதன்பின் 28 ஆண்டுகளாக ரோமானிய வெள்ளியைக் கையில் வாங்கிப் பார்ப்பதும் எடைபோடுவதும் ஏமாறுவதுமாக இருக்கிறேன். முதல் மூன்று நூற்றாண்டுக் காசுகளில்தான் எனக்குப் பழக்கம். நான்காம் நூற்றாண்டுக்குப் பிந்திய வெள்ளியைப் பற்றிக் கீழே சொல்வது புத்தகப் படிப்பு.

உங்கள் காசிலிருந்தே தொடங்குவோம். முன்பக்கத்தில் தெளிவாகத் தெரிகிறவை என்று 'எஸ் ஏ ஆர்', அதையடுத்து 'டி ஐ வி ஐ' ஆகிய எழுத்துகளைப் படியெடுத்திருக்கிறீர்கள். பின்பக்கத்தில் 'பி ஓ என் டி ஐ எஃப்'. இது போதும். இது ரோமப் பேரரசன் திபேரியுஸின் டெனாரியஸ் (ரோமானியரின் வழக்கமான வெள்ளிக்காசு) வகை. முழு வாசகம் 'திபேரியுஸ் சீசர், தெய்வமான அகஸ்டஸின் மகன், அகஸ்டஸ்' என்று பொருள்படும். லத்தீனில் அதைச் சுருக்கி 'டி ஐ சீசர் டிவி ஏ வி ஜி எஃப் அகஸ்டஸ்' என்று பொறித்திருப்பார்கள். பின்பக்கத்தில் தேய்ந்துபோன மிச்ச எழுத்துகளையும் சேர்த்தால் 'பொன்டிஃப் மாக்சிம்', அதாவது தலைமைப் பூசாரி.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இதே பெண், இதே நாற்காலி, இதே 'பொன்டிஃப் மாக்சிம்' திபேரியுஸுக்கு முன் ஆண்ட முதல் பேரரசன் அகஸ்டஸின் ஆட்சி முடியும் தறுவாயில் அவன் பெயரிலும் அச்சாகியிருக்கிறது. பின்பக்கத்தை மட்டும் பார்த்தால் இருவரில் யார் என்று சொல்ல வழியில்லை. ஆனால் அகஸ்டஸின் காசில் 'சீசர்' என்ற சொல்லுக்குப் பிறகு 'அகஸ்டஸ்' வரும், அதற்கும் பிறகுதான் 'டிவி' வரும். உங்கள் காசில் 'சர்' முடிந்ததும் 'டிவி' ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்த ஒரு வரிசைதான் தீர்ப்பு. தலை யாரைப் போல இருக்கிறது என்பதை நான் இன்னும் பார்க்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். புதிதாக வருகிறவர்கள் முகத்தில் தொடங்கி எழுத்துக்குப் போவார்கள். எழுத்தில் தொடங்கி முகத்துக்கு வருவதுதான் சரியான வழி.

எழுத்துகள் பயமுறுத்தும், ஆனால் ஆங்கிலப் பெரிய எழுத்து தெரிந்த எவரும் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். சொற்களுக்கிடையே இடைவெளியை எதிர்பார்க்காதீர்கள். யூ என்ற எழுத்தே இருக்காது. அந்த இடத்தில் வீ நிற்கும். ஆகவே அகஸ்டஸ் என்பது ஏ-வி-ஜி-வி-எஸ்-டி-வி-எஸ் என்று இருக்கும், பெரும்பாலும் ஏ-வி-ஜி என்று குறுகிவிடும். அது ஆள்பெயர் என்று நினைத்துக் காசையெல்லாம் அகஸ்டஸ் கணக்கில் எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் பேரரசனுக்குப் பின் வந்த எல்லாப் பேரரசர்களுக்கும் அது பட்டம். 'ஐ எம் பி' என்றால் படைத்தலைவன் என்ற பொருளில் தொடங்கிப் பேரரசன் என்றானது. 'பி பி' நாட்டின் தந்தை. 'சி ஓ எஸ்' கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவி, பின்னால் வரும் எண் எத்தனையாவது முறை என்பது. 'பி எம்' என்பது உங்கள் காசில் விரித்து எழுதியிருக்கும் அதே தலைமைப் பூசாரிப் பட்டம்.

இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது 'டி ஆர் பி'. குடிமக்களின் சார்பில் பேரரசன் வைத்திருந்த ஓர் அதிகாரம் அது, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது. அதனால் அதன் பின்னால் வரும் எண் ஏறக்குறைய ஆட்சியாண்டு. செப்டிமியுஸ் செவேருஸ் கி.பி. 193இல் பட்டத்துக்கு வந்தான். அவன் காசில் 'டி ஆர் பி' என்பதற்குப் பின் 15 என்ற ரோமன் எண் இருந்தால் அது 207ஆம் ஆண்டுக் காசு. 1,800 ஆண்டுக்கு முந்திய ஒரு பொருளை ஓர் ஆண்டுக்குள் அடக்கிவிட முடிகிறது. நம் பழங்காசுகளில் இப்படி ஒரு வசதி இருந்திருந்தால் எத்தனை சண்டைகள் மிச்சமாகியிருக்கும்!

உங்கள் திபேரியுஸ் காசில் அந்த எண் கிடையாது. ஆனாலும் கொஞ்சம் நெருங்கலாம். அகஸ்டஸ் கி.பி. 14ஆம் ஆண்டு ஆகஸ்டில் இறந்து, அடுத்த மாதம் தெய்வமாக அறிவிக்கப்பட்டான். திபேரியுஸ் தலைமைப் பூசாரி ஆனது 15ஆம் ஆண்டு மார்ச்சில். அவன் இறந்தது 37இல். ஆகவே இந்த இரண்டு பட்டங்களும் ஒன்றாக இருக்கும் காசு 15க்கும் 37க்கும் இடைப்பட்டது. ஆட்சி முழுவதும் இதே வகையை அடித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியின் கால் வெறுமனே நேராக இருக்கிறதா, கடைசல் வேலைப்பாட்டோடு இருக்கிறதா, அடியில் எத்தனைக் கோடு என்பதை வைத்து அறிஞர்கள் இவற்றைக் குழுக்களாகப் பிரித்து முன்பின் வரிசையும் கொடுத்திருக்கிறார்கள். எளிய கால் முந்தியது, கடைசல் கால் பிந்தியது என்பது பொதுவான கருத்து. அதை வைத்து 'இது 20ஆம் ஆண்டுக் காசு' என்று அடித்துச் சொல்கிற அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. அச்சடித்த இடம் லுக்டுனும், இன்றைய பிரான்சின் லியோன் நகரம்.

இனிப் பொதுவாக, வேறு காசு கையில் வந்தால் எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். எழுத்துக்கும் முன்னால் தராசு. அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளியில் 84 டெனாரியஸ் அடித்தார்கள், ஒன்று 3.9 கிராமுக்குச் சற்றுக் குறைவு. தேய்ந்தது போக 3.6, 3.7 நிற்கும். உங்கள் காசு அங்கேதான் நிற்கிறது. 64ஆம் ஆண்டு வாக்கில் நீரோ ராத்தலுக்கு 96 என்று ஆக்கினான். வெள்ளியின் மாற்றையும், அதாவது தூய்மையையும், குறைத்தான். அதன்பின் காசு 3.2, 3.4 கிராம் என்று இறங்கிவிடுகிறது. எடை அதற்கப்புறம் பெரிதாகச் சரியவில்லை, உள்ளே இருக்கும் வெள்ளிதான் கரைந்துகொண்டே போனது. செவேருஸ் காலத்தில் ஏறக்குறைய பாதிதான் வெள்ளி. 215இல் அவன் மகன் காரகல்லா புதிதாக ஒரு பெரிய காசை விட்டான், 5 கிராம் அளவில். தலையில் இலைமாலைக்குப் பதிலாகச் சூரியக் கதிர்போல் முட்கள் நிற்கும் மணிமுடி. இன்று அதை அன்டோனினியானுஸ் என்கிறோம். இரண்டு டெனாரியஸ் மதிப்புக்கு விட்டான் என்றுதான் எல்லாரும் எழுதுகிறோம், ஆனால் அது ஊகம். இரட்டை மதிப்புப் பித்தளைக் காசுகளில் அதே கதிர்முடி இருப்பதுதான் அதற்கு ஆதாரம். உள்ளே இருந்த வெள்ளியோ ஒன்றரை டெனாரியஸுக்குத்தான் தேறும். மக்கள் பழைய காசைப் பதுக்கியதில் வியப்பில்லை. 260களின் இறுதியில் இதே 'வெள்ளிக்காசில்' நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை. செம்புக்கு மேல் வெள்ளிப் பூச்சு. ஆகவே கதிர்முடித் தலையோடு செம்பு நிறக் காசு கிடைத்தால் 'வெள்ளி இல்லை, போலி' என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்து அரசே அப்படித்தான் அடித்தது.

அதற்குப் பின்னால் டயோக்ளீஷியன் 294 வாக்கில் மீண்டும் நல்ல வெள்ளி விட்டான். சிலவற்றில் 96 என்ற எண்ணையே ரோமன் எழுத்தில் பெரிதாகப் பொறித்தார்கள், ராத்தலுக்கு 96 என்று ஊரறிய. நான்காம் நூற்றாண்டில் 'சிலிக்வா' என்ற மெல்லிய வெள்ளிக்காசு வருகிறது. பிரிட்டனில் இவற்றின் ஓரங்களைக் கத்தரித்து வெள்ளி திருடியிருக்கிறார்கள். 1992இல் ஹாக்ஸ்னில் கிடைத்த புதையலில் 14,000க்கு மேற்பட்ட வெள்ளிக்காசுகள், பெரும்பாலானவை ஓரம் நறுக்கப்பட்டவை. இதோடு நிறுத்திக்கொள்கிறேன், இது என் பழக்கத்துக்கு அப்பாற்பட்ட காலம்.

எடை, எழுத்து, அப்புறம்தான் முகம். முகத்தால் ஒரு பெரிய கோடு போடலாம்: 117இல் ஆட்சிக்கு வந்த ஹாட்ரியனுக்கு முன் தாடியில்லா முகங்கள், அவனுக்குப் பின் நூறாண்டுக்கு மேல் தாடிதான் வழக்கம். நீரோவின் தாடையோரத்தில் கொஞ்சம் தாடி உண்டு என்பதைத் தள்ளிவைத்தால் இந்தக் கோடு நன்றாகவே வேலை செய்யும். வெஸ்பாசியனின் வழுக்கையும் தொங்கு தாடையும், செவேருஸின் பிரிந்து தொங்கும் தாடியும் ஒருமுறை பார்த்தால் மறக்காது. பெண்கள் தலை இருந்தால் கொண்டையைப் பாருங்கள். சிகை அலங்காரம் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது. கதிர்முடி ஆணுக்கு எப்படியோ, தோளுக்குக் கீழே பிறை நிலா பெண்ணுக்கு அப்படி: இரட்டைக் காசு என்பதன் அடையாளம்.

எல்லாரையும் வழுக்கவைக்கும் இடம் 'அன்டோனினுஸ்' என்ற பெயர். 138இல் வந்த அன்டோனினுஸ் பியுஸ், அடுத்து வந்த மார்குஸ் அவுரேலியுஸ், நாம் காரகல்லா என்று அழைப்பவன், எலகாபாலுஸ் என்று அழைப்பவன் ஆகிய நால்வரும் காசில் அன்டோனினுஸ்தான். காரகல்லா, எலகாபாலுஸ் இரண்டும் பட்டப்பெயர்கள், காசில் தேடினால் கிடைக்காது. 'பியுஸ்' என்ற சொல்லும் மூவருக்குப் பொது. நான் பார்க்கும் வரிசை இது: முன்னால் ஒற்றை 'எம்' இருந்தால் பெரும்பாலும் மார்குஸ். 'பியுஸ் அகஸ்டஸ்' என்பதற்குப் பின் 'பி ஆர் ஐ டி' இருந்தால் காரகல்லா, பிரிட்டனை வென்றதாகப் பட்டம் சூட்டிக்கொண்ட பிறகு அடித்தது. தொடக்கத்தில் 'ஐ எம் பி' இருந்து, பின்பக்கத்து வெற்றிடத்தில் ஒரு நட்சத்திரமும் இருந்தால் எலகாபாலுஸ் பக்கம் சாய்வேன். அவனுடைய சில காசுகளில் நெற்றிக்கு மேல் கொம்பு போன்ற ஒன்று துருத்தி நிற்கும். எழுத்துகள் 'அகஸ்டஸ் பியுஸ்' என்ற வரிசையில் இருந்தால் மூத்தவரான பியுஸ். இவ்வளவு பார்த்தும் தேய்ந்த காசில் காரகல்லாவா எலகாபாலுஸா என்று விழித்துக்கொண்டு நின்ற நாட்கள் எனக்கு உண்டு.

நம் ஊரில் கிடைப்பதில் ரோமானியம் என்று தவறாக எண்ணப்படுபவையும் உண்டு. குஜராத், மாளவப் பக்கம் ஆண்ட மேற்கு சத்திரபர்களின் வெள்ளிக்காசில் வலப்பக்கம் பார்க்கும் தலையும் அதைச் சுற்றிச் சிதைந்த கிரேக்க எழுத்தும் இருக்கும். ஆனால் எடை 2 கிராமையொட்டித்தான் நிற்கும், திருப்பினால் மூன்று வளைவு கொண்ட மலையும் பிராமி எழுத்தும். சாதவாகனரின் தலை பொறித்த வெள்ளிக்காசும் இப்படித்தான்; அதில் ஒரு பக்கம் பிராகிருதம், மறுபக்கம் தமிழை ஒத்த ஒரு தென்மொழி, இரண்டும் பிராமியில். கிரேக்க எழுத்து தெளிவாக இருந்து, தலையும் ரோமப் பேரரசனுடையதாக இருந்தால் அது அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா போன்ற மாகாண நாணயச் சாலைகளின் காசாக இருக்கலாம். அவற்றுக்கு வேறு பட்டியல், வேறு கணக்கு.

திரும்பவும் உங்கள் காசு. அந்தப் பெண் யார்? 'திபேரியுஸின் தாய் லிவியா, அமைதித் தெய்வத்தின் வடிவில்' என்று ஏலப் பட்டியல்கள் எழுதும். காசில் பெண்ணின் பெயர் இல்லை. கையில் கோலும் ஒரு கிளையும், அவ்வளவுதான். லிவியாவாக இருக்கலாம், பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், எனக்கும் அதில் பெரிய மறுப்பில்லை. ஆனால் திபேரியுஸ் என்பது உறுதி, லிவியா என்பது கருத்து. இரண்டையும் ஒரே குரலில் சொல்லக் கூடாது. இதே காசைத்தான் 'வரிக்காசு' என்று விவிலியத்தோடு சேர்த்து விற்கிறார்கள், இயேசு கையில் வாங்கி 'இந்தச் சொரூபம் யாருடையது' என்று கேட்ட காசு என்று. சுவிசேஷத்தில் டெனாரியஸ் என்ற சொல் இருக்கிறது, சீசரின் உருவம் இருக்கிறது. எந்தச் சீசர், எந்த வகை என்பது இல்லை. லியோனில் அச்சான வெள்ளி அந்த நாளில் யூதேயாவில் எவ்வளவு புழங்கியது என்பதே விவாதத்துக்குரியது. இந்தக் கதையால் ஒரு விளைவு மட்டும் நிச்சயம்: ரோமானிய வெள்ளியில் மிக அதிகமாகப் போலி செய்யப்படுபவற்றில் இதுவும் ஒன்று.

தமிழ்நாட்டு வீட்டில் இது எப்படி என்று வியந்திருக்கிறீர்கள். ரோமானியர் எத்தனையோ வகை அடித்தும், தென்னிந்தியப் புதையல்களில் இரண்டே வகைகள்தான் மலைமலையாகக் கிடைக்கின்றன: அகஸ்டஸின் பேரர்களும் வளர்ப்பு மக்களுமான கையுஸ், லூகியுஸ் இருவரும் கேடயங்களோடு நிற்கும் காசு, அடுத்தது உங்களுடையது. உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்திலும், தெலங்கானாவின் அக்கன்பள்ளியிலும் கிடைத்த புதையல்கள் ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வெள்ளிக்காசுகள், அவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டு வகையே. இலங்கை அரசன் ஒருவன், வெவ்வேறு தலைகள் பொறித்திருந்தும் டெனாரியஸ்கள் எல்லாம் ஒரே எடையாக இருப்பதைக் கண்டு ரோமானியரின் நேர்மையை மெச்சினான் என்று முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஏன் இந்த இரண்டு வகை மட்டும் என்பதற்கு முடிந்த பதில் இல்லை. திபேரியுஸ் காலத்திலேயே கப்பலேறி வந்தன என்பது ஒரு கட்சி. நீரோ மாற்றைக் குறைத்த பிறகு, பழைய நல்ல காசைத்தான் வாங்குவோம் என்று நம் வணிகர்கள் நின்றதால் பொறுக்கி எடுத்து அனுப்பினார்கள் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவதன் பக்கம். காரணம், காசு கொடுப்பவனைவிட வாங்குகிறவனுக்குத்தான் மாற்றைப் பற்றிக் கவலை அதிகம். எந்த அடகுக்கடையிலும் இதைப் பார்க்கலாம்.

கன்னத்து வெட்டு எனக்குச் சுவையான இடம். 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசன் தலைமேல் இப்படி உளிவெட்டு இருந்தது. வெள்ளியிலும் இந்த வழக்கம் உண்டு. மீண்டும் காசாகப் புழங்கவிடாமல் செய்யவா, உள்ளே செம்பு இருக்கிறதா என்று பார்க்கவா, வேற்று நாட்டு அரசன் தலை பிடிக்காமலா என்று ஆளுக்கொரு விளக்கம் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது வேறு: பூதக்கண்ணாடியில் அந்த வெட்டின் அடியைப் பாருங்கள். காசின் மேல்பரப்பில் இருக்கும் கருமையும் படிவும் வெட்டுக்குள்ளும் இருந்தால் வெட்டு பழையது. காசு கறுத்து, வெட்டு மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தால் யாரோ அண்மையில் சோதித்திருக்கிறார்கள். வெட்டுக்குள் சிவப்பு தெரிந்தால் அது செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்தியது. அதுவும் இந்தக் காலப் போலி என்று ஆகிவிடாது. ரோமானியர் காலத்திலேயே இந்த மோசடி நடந்திருக்கிறது. கள்ள டெனாரியஸ் ஒன்றைப் பல நல்ல டெனாரியஸ் கொடுத்து வாங்கிப் படித்தவர்கள் இருந்தார்கள் என்று அதே பிளினி சொல்கிறார்.

இந்தக் காலப் போலி எப்படி இருக்கும்? பழைய பாணி வார்ப்பு. அச்சு அடித்த காசில் எழுத்தின் விளிம்பு செங்குத்தாக நிற்கும். வார்ப்பில் சோப்பு கரைந்ததுபோல் மழுங்கும், பரப்பில் குண்டூசி முனைக் குழிகள் இருக்கும், ஓரத்தைச் சுற்றி ஒட்டு ஓடும் அல்லது அதை அரம் போட்டு மறைத்த தடம் இருக்கும். நான் சேகரிக்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டு, 69ஆம் ஆண்டில் மூன்று மாதம் மட்டும் ஆண்ட ஓதோவின் டெனாரியஸ் ஒன்றை ஒரு வியாபாரியிடம் வாங்கினேன். அரிய காசு, மலிவான விலை. அங்கேயே விழித்திருக்க வேண்டும். ஓராண்டு கழித்து இன்னொருவர் கையில் அதே ஓதோவைப் பார்த்தேன். காதுக்கு மேல் அதே கீறல், ஓரத்தில் அதே வெடிப்பு. ஒரே அச்சில் இரண்டு காசு பிறக்கலாம், பிறந்த பிறகு இரண்டுக்கும் ஒரே இடத்தில் காயம் படாது. இரண்டும் ஒரு தாயின் வார்ப்புகள். அந்தக் காசை இன்றும் மேசைமேல் வைத்திருக்கிறேன். புதிதாக அச்சு வெட்டி அடிக்கும் போலிகள் இதைவிடக் கடினம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பெக்கர் என்றொருவர் அச்சுகளைத் தானே வெட்டி, அடித்த காசுகளை இரும்புத்தூளோடு பெட்டியில் போட்டுக் குதிரைவண்டியில் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுவாராம், பழமை ஏறட்டும் என்று. அத்தகையவற்றைப் பிடிக்க அதே அரசனின் அசல் காசுகள் நூற்றுக்கணக்கில் பார்த்த கண் வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. நூறில் ஒரு கிராம் காட்டும் நகைத்தராசின்மேல் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் ஒப்படர்த்தி. நல்ல வெள்ளிக்கு 10.5ஐ ஒட்டி வரும், உங்கள் 3.61 கிராமுக்குத் தராசு 0.34 அல்லது 0.35 காட்ட வேண்டும். 0.40 காட்டினால் செம்பு. தராசில் ஒரு புள்ளி பிசகினாலே விடை 0.3 அளவுக்கு ஆடும், அதனால் மூன்று நான்கு முறை செய்து பாருங்கள். இதில் தேறினால் வெள்ளி என்று மட்டும் ஆகும். வெள்ளியில் செய்த போலியும் தேறும்.

செய்யக் கூடாதவை இன்னும் முக்கியம். சுண்டிப் பார்க்காதீர்கள், தரையில் போட்டு ஓசை கேட்காதீர்கள். மண்ணில் கிடந்த பழைய வெள்ளி உள்ளுக்குள் படிகமாகிப் பிஸ்கட் போல் உடையும். அசல் காசே மொத்தென்றுதான் ஒலிக்கும். பத்தரிடம் கொடுத்து உரைகல்லில் உரைக்க விடாதீர்கள். குத்துவிளக்குத் துலக்குவதுபோல் புளி, விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம். அந்தக் கருமைதான் அதன் வயதுக்குச் சாட்சி, தேய்த்தால் சாட்சியும் போகும், விலையும் போகும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. மண்ணில் புதைந்து கிடைத்த புதையல் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். இன்றும் நடைமுறையில் உள்ளது. நூறாண்டு கடந்த தொல்பொருளை அனுமதியின்றி நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது என்கிறது 1972ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே தரச்சான்று வாங்க வெளிநாட்டுக்கு அஞ்சலில் அனுப்பச் சொல்லும் யோசனைகளைக் கேட்காதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்க நாணயவியல் கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் ரோமப் பேரரசுக் காசுப் பட்டியல் போதும். அதில் திபேரியுஸ் பகுதியில் 26 முதல் 30 வரை உள்ள எண்களைப் பாருங்கள். நேரில் பார்க்க சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது.

நான் மேலே போக எனக்குச் சில விவரங்கள் வேண்டும். காசை நிமிர்த்தி வைத்து ஓரத்தைச் சுற்றி நான்கு படங்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில் வெட்டின் ஒரு படம், தண்ணீர்ச் சோதனையின் எண்கள். அவற்றைவிட முக்கியமானது, பாட்டி பிறந்த ஊர் எது, அந்தப் பை அவர்கள் அம்மா வீட்டிலிருந்து வந்ததா, அதில் வேறு காசுகள் இருந்து பங்கு பிரிந்து போயினவா என்பது. வீட்டில் மூத்தவர்கள் யாராவது இருந்தால் இந்த வாரமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.